தாய்த்தொழிலும் கைக்கருவியும்: அறிதுயில், என்.எல்.பி. பயிற்சிகளைத் தேர்ந்துகொள்வது பற்றி ஓர் ஆராய்ச்சி

2009-ஆம் ஆண்டில், ஒரு சில மாத இடைவெளிக்குள், இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை மாதத்தில், மருத்துவ உளவியலர் முதலான சில பட்டப்பெயர்களைச் சட்டபூர்வமான பதிவேட்டில் இடம்பெற்றவரன்றி வேறெவரும் பூணலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் மாதத்தில், பி.பி.சி. தொலைக்காட்சியைச் சேர்ந்த கிறிஸ் ஜாக்ஸன் என்னும் நிருபர், தம் வீட்டுப் பூனையாகிய ஜார்ஜின் பெயரால் ஒரு போலிச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பித்து, அறிதுயில் சிகிச்சையாளருக்கும் என்.எல்.பி. எனப்படும் நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங் பயின்றோருக்கும் உரிய மூன்று சங்கங்களில் அதற்கு அங்கத்தினர் பதிவு பெற்றுவிட்டதை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அமெரிக்காவில் ஸ்டீவ் ஐக்கெல் என்ற உளவியலரும் தம் பூனைக்கு இத்தகைய சான்றிதழ்களைப் பெற்றுக் காட்டியிருந்தார். நகைப்பதற்குரிய செய்தியாகவே இதைப் பலரும் பேசினர். எனக்கோ இதில் துயரமே மிகுதியாகத் தோன்றுகிறது. அந்தச் சங்கங்களின் பதிவேடுகளில் ஆண்டுக்கணக்காக உழைத்துக் கற்றவர் பெயரும் இருந்தது. வலியோடும் அச்சத்தோடும் அவற்றைப் புரட்டிப் பார்க்கும் ஒரு நோயாளிக்கு, அப்பெயரையும் பூனையின் பெயரையும் வேறு பிரித்தறிய ஒரு வழியும் இல்லை.

ஹிப்னாடிசத்துக்கு நம்மவர் நெடுங்காலமாக வழங்கிவரும் மனோவசியம் என்ற பெயரில், ஒருவர் மற்றொருவரை வசப்படுத்துகிறார் என்ற தவறான கருத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதலால் திருமாலின் துயிலுக்குரிய பழஞ்சொல்லாகிய அறிதுயில் என்பதையே இக்கட்டுரையில் ஆள்கிறேன். உறங்குவது போலிருந்தும் அறிவு நீங்காத நிலை என்பதை அச்சொல் இனிது உணர்த்தும். இத்துறையில் பயிற்சி பெற விரும்பும் ஒருவர் எதனை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நம் விசாரணை. சான்றிதழின் பெயரும், கட்டணத்தின் அளவும், பயிற்சி நாட்களின் எண்ணிக்கையும் இரண்டாம் தரமானவை. அறிதுயில் தனித்து நிற்கும் தொழிலன்று, வேறொரு தாய்த்தொழிலின் கையில் இருக்கும் கருவி. ஆகவே கற்க வருபவர் முதலில் தம் தாய்த்தொழில் எது என்றே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

இத்துணிபுக்கு நம் தேசத்திலேயே ஒரு சரித்திரப் பிரமாணம் இருக்கிறது. ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து ரண வைத்தியர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் வங்காளத்து ஹூக்ளியில் இருந்தபோது, 1845-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள், விரைவீக்கத்துக்குச் சிகிச்சை பெற்று வலியால் துடித்துக்கொண்டிருந்த ஒரு கைதியின்மீது, மெஸ்மெரிசம் என்று அக்காலத்தில் வழங்கிய முறையை முதன்முறையாகப் பிரயோகித்துப் பார்த்தார். அம்முறையைப் பிறர் செய்ய அவர் கண்ணால் கண்டதே இல்லை, படித்தறிந்தது மட்டுமே. ஆயினும் கைதியின் வலி அடங்கிற்று. பின்னர், இருட்டாக்கிய அறையில் நோயாளியைக் கிடத்தி, ஆஸ்பத்திரியின் இந்தியச் சிப்பந்திகள் அவர் உடல்மேல் படாமல் தலையிலிருந்து வயிறு நோக்கி மணிக்கணக்காகக் கைகளை ஓட்டியவாறிருக்க, நோயாளி அசைவற்றுப் போனதும் எஸ்டெயில் உள்ளே வந்து கத்தியை எடுப்பது வழக்கமாயிற்று. யானைக்கால் நோயினால் விதைப்பையில் வளர்ந்த பெருங்கட்டிகளை அவர் இவ்வாறு அறுத்தெடுத்தார். 1846-இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்து இதனைச் சோதித்தது. கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையும் தோன்றிற்று. ஈதரும், 1847-இல் குளோரோபாரமும் வந்தபின் அம்முறை மங்கிப்போயிற்று.

இச்சரித்திரத்தை அறிதுயிலின் வெற்றிக்கதையாகச் சொல்வது வழக்கம். நான் இதில் காண்பது வேறு. எஸ்டெயில் பெற்ற மெஸ்மெரிசப் பயிற்சி ஏறக்குறைய சூனியம். அவர் பெற்ற ரண வைத்தியப் பயிற்சியோ பூரணம். எந்தக் கட்டியை அறுக்கலாம், எதைத் தொடலாகாது, ரத்தம் பெருகினால் எங்கே அழுத்த வேண்டும் என்பவற்றை அவருக்குக் கற்பித்தது அறிதுயிலன்று. மணிக்கணக்காகக் கைகளை ஓட்டிய சிப்பந்திகள், துயில்விக்கும் வித்தையில் அவரினும் அதிக அப்பியாசம் உடையவராக இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுள் ஒருவரும் தம்மைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இன்று வாரக்கடைசி வகுப்புகள் பலவற்றில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அச்சிப்பந்திகளின் பகுதியே.

மான்செஸ்டர் நகரத்தில் இந்த இழை அறாமல் தொடர்வதைக் காணலாம். 1841-இல் அந்நகரில் லாபோன்டேன் என்பவர் நடத்திய மெஸ்மெரிச மேடைக் காட்சியைச் சந்தேகத்தோடு பார்க்கச் சென்ற ஜேம்ஸ் பிரெய்ட் ஒரு ரண வைத்தியர். அதனை ஆராய்ந்து, 1843-இல் நூலெழுதி, ஹிப்னாடிசம் என்ற சொல்லை நிலைநாட்டியவர் அவரே. அதே நகரில், 1984-இல், பீட்டர் வோர்வெல் என்ற குடல்நோய் நிபுணர், மருந்துக்குக் கட்டுப்படாத எரிச்சல் குடல் நோயுடைய 30 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறிதுயிலும் மறுபிரிவினருக்கு ஆறுதல் உரையாடலும் வெற்று மாத்திரையும் அளித்து, முதற்பிரிவினரே மிக்க குணம் பெற்றதை லான்செட் இதழில் வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சிகளும் சேர்ந்ததன் பயனாக, பன்னிரண்டு மாதம் மருந்துண்டும் குணமடையாதவர்களுக்கு அறிதுயிலையும் கருதலாம் என்று இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ நெறிமுறை 2008-இல் கூறிற்று. அறிதுயிலில் உண்மை இல்லை என்பாருக்கு இதுவே விடை. ஆனால் அந்த 30 பேருக்கும் இருந்தது குடற்புற்று அன்று என்று முதலில் உறுதிசெய்தது எது என்ற வினாவை நாம் மறக்கலாகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மெஸ்மெரிசத்தைத் தோற்றுவித்து, அதைக் காந்தசக்தி என்று நம்பிய மெஸ்மரும் வியன்னாவில் பட்டம் பெற்ற வைத்தியர்தாமே. தாய்த்தொழில் அவரைப் பிழையினின்று காத்ததா? காக்கவில்லை. ஆனால் அவர் பிழையைக் கண்டுபிடிக்கும் ஆற்றல், பரீட்சைக்கு உட்படும் மரபினரிடமே இருந்தது. 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் நியமித்த குழுவில் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தனர். பிராங்க்ளின் நோய்வாய்ப்பட்டிருந்தமையால், பாஸ்ஸி என்ற ஊரில் அவர் இல்லத்துத் தோட்டத்திலேயே ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் டெஸ்லான் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். காந்தத்துக்கு எளிதில் வசப்படுவான் என்று அவரே தேர்ந்து கொணர்ந்த, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவனைக் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். முதல் மரத்தைத் தழுவியதும் அவனுக்கு வியர்த்தது, இருமல் வந்தது. அடுத்தடுத்த மரங்களில் தலை கனத்தது. நான்காம் மரத்தடியில் அவயவங்கள் விறைத்து மூர்ச்சித்து விழுந்தான். காந்தமேற்றிய மரத்தை அவன் தொடவே இல்லை.

பயிற்சியைத் தேர்பவர் இச்சிறுவனை மனத்தில் இருத்த வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை; வியர்வையும் மூர்ச்சையும் மெய்யே; அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணமே பொய். ஒரு வகுப்பின் முடிவில் மாணவர் பலர் எழுந்து நின்று, நெடுநாள் அச்சம் நீங்கிற்று, நெஞ்சம் இலேசாயிற்று என்று கண்ணீர் மல்கச் சொல்வாராயின், அச்சொல்லை நான் நம்புவேன். ஆனால் அந்த வகுப்பில் கற்பிக்கப்படும் சித்தாந்தத்துக்கு அது ஒரு நிரூபணம் என்பதை மட்டும் ஒப்பேன். எதிர்பார்ப்பும், பலர் கூடியிருக்கும் சூழலும், ஆசிரியர்மேல் வைத்த விசுவாசமும் எந்த மரத்தடியிலும் வேலை செய்யும்.

என்.எல்.பி. என்பதன் பிறப்பை நோக்கினால் நம் வாதத்தின் மறுபுறம் தெளிவாகும். 1970-களில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் மாணவராயிருந்த ரிச்சர்ட் பேண்ட்லரும், மொழியியல் ஆசிரியர் ஜான் கிரிண்டரும், புகழ்பெற்ற சிகிச்சையாளர் மூவரை ஆராய்ந்தனர்: பிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சாடிர், மில்ட்டன் எரிக்ஸன். இவர்கள் நோயாளியிடம் பேசும் மொழியின் அமைப்பைப் பிரித்தெடுத்துவிட்டால், அத்திறமையைப் பிறருக்கு விரைவில் கற்பித்துவிடலாம் என்பதே அவர்கள் கொண்ட கருத்து. 1975-இல் முதல் நூல் வந்தது. முயற்சி அறிவுடையதே, மொழியை இவ்வளவு கூர்ந்து கேட்டது அவர்களுக்குப் பெருமை தருவதே. ஆனால் திறமை என்பது கனியிலிருந்து தோலை உரிப்பதுபோல் ஒருவரிடமிருந்து உரித்தெடுக்கக் கூடியதா என்பதே அடிப்படை வினா. எரிக்ஸன் மனநோய் மருத்துவர். பதினேழாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் உடலசைக்க மாட்டாமல் கிடந்த நாட்களில், வீட்டார் சொல்வதொன்றும் அவர்கள் முகமும் குரலும் காட்டுவது வேறொன்றுமாக இருப்பதைக் கவனித்துக் கற்றவர். நடை பழகும் தங்கை கால் ஊன்றுவதைப் பார்த்துப் பார்த்துத் தாம் மறுபடி நடக்கக் கற்றவர். அவர் நோயாளியிடம் கதை சொன்னபோது, எந்தக் கதையை எவரிடம் சொல்லலாகாது என்ற விவேகம் அந்தக் கட்டிலிலிருந்தும் பிற்காலத்து மருத்துவமனைகளிலிருந்தும் வந்தது. வாக்கிய அமைப்பை எழுதிக்கொள்ளலாம். இதனை எப்படி எழுதிக்கொள்வது?

என்.எல்.பி. கூறிய விசேஷக் கொள்கைகளோ, பரீட்சையில் நிற்கவில்லை. வகுப்பில் இருவரை முழங்காலோடு முழங்கால் நெருங்க எதிரெதிரே உட்காரவைத்து, உன் பழைய வீட்டு வாசற்கதவு என்ன நிறம் என்று ஒருவர் கேட்க, மற்றவர் கண் மேலே இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்று கண்ணசைவுப் படத்தோடு ஒப்பிட்டு, நினைவிலிருந்து எடுக்கிறாரா, கற்பனை செய்கிறாரா என்று சொல்லப் பழக்குவார்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில், கண் படத்துக்கு மாறாகச் சென்றபோது, இவர் இடக்கைப் பழக்கம் உடையவர் போலும் என்றார் ஆசிரியர். வலக்கையால் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அம்மாணவர் மறுத்துப் பேசவில்லை. பொய்யும் மெய்யும் கண்ணசைவில் தெரியும் என்ற கருத்தை வைஸ்மன் முதலானோர் 2012-இல் சோதித்து, ஆதாரமில்லை என்று கண்டனர். மக்களுக்குக் காட்சி, ஒலி, உணர்ச்சி என்று ஒரு தனிப் புலன்வழி உண்டு என்ற கொள்கைக்குப் போதிய சான்றில்லை என ஷார்ப்லி 1984-இலும் 1987-இலும் எழுதினார். அமெரிக்க ராணுவத்தின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் 1988-இல் இதே முடிவுக்கு வந்தது. ஆகவே, பேச்சைக் கவனிக்கவும் வினாக்களைத் தெளிவாக்கவும் ஆசிரியரோ மேலாளரோ இதனைச் சிறு செலவில் கற்பாராயின் தடுக்க மாட்டேன். நோய் நீக்கும் உரிமை தரும் பயிற்சியாக இதனை விற்பதை எதிர்க்கிறேன்.

வீண் செலவோடு தீங்கு நின்றுவிடுமாயின் இவ்வளவு வற்புறுத்த வேண்டுவதில்லை. அறிதுயிலில் ஒருவரிடம் மறந்துபோன இளமை நிகழ்ச்சிகளைக் கேட்டால், அவர் உண்மையையும் கற்பனையையும் கலந்து கூறி, கூறியதை முழுமனத்தோடு நம்பியும் விடுவார். இதனாலேயே கலிபோர்னியா உச்சநீதிமன்றம் 1982-இல், அறிதுயிலுக்கு உட்படுத்தப்பட்ட சாட்சி அதன்வழி வந்த நினைவுகளைச் சாட்சியமாகக் கூறலாகாது என்றது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் 1985-இல், அப்படி வரும் நினைவு இயல்பான நினைவைவிட நம்பத்தக்கதன்று என எச்சரித்தது. தகப்பனைப் பற்றி ஒரு மகள் கொண்ட நினைவு இப்படிக் கலங்கிவிட்டால் அதைத் தெளிய வைக்கும் வித்தை எந்த வகுப்பிலும் இல்லை.

தாய்த்தொழில் என்பதை டாக்டர் பட்டம் என்று நான் சுருக்கவில்லை. பல் வைத்தியர், பிரசவ விடுதித் தாதி, பதிவுபெற்ற உளவியலர் எல்லாரும் தத்தம் எல்லைக்குள் இக்கருவியை நன்கு ஆளலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள மருத்துவ அறிதுயில் சங்கங்கள் இத்தகையோருக்கே பயிற்சி அளிக்கின்றன. அறிதுயிலின்றி ஒரு நோயைக் கையாளத் தகுதியில்லாதவர், அறிதுயிலைக் கொண்டும் அதைக் கையாளலாகாது என்பது அவர்களிடையே வழங்கும் நெறி. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அறிதுயிலைச் சிகிச்சை வகைகளுள் ஒன்றாக ஏற்றபோதும், தக்க பயிற்சி பெற்றவர்க்கே அதனை அனுமதித்தது. எது தக்கது என்று தீர்மானிக்கும் பாரம் பெரும்பாலும் கற்பவர் தலையிலேயே நிற்கிறது.

ஆதலால், கட்டணம் செலுத்துமுன் ஆசிரியரிடம் போய், எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள் என்று கேட்பதை விட்டு, கடைசியாக யாரைத் திருப்பி அனுப்பினீர்கள், எதைக் கண்டு அனுப்பினீர்கள், யாரிடம் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். துயில்நிலையில் இருக்கும் ஒருவர் திடீரென்று தேம்பி அழத் தொடங்கினால், அல்லது தமக்குக் குரல்கள் கேட்பதாகச் சொன்னால், அடுத்த நிமிஷம் என்ன செய்யக் கற்பிப்பீர்கள் என்றும், பயிற்சி முடிந்தபின் என் வேலையைப் பார்த்துத் திருத்துபவர் யார் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு விடையாக ஒரு முகமும் ஒரு நாளும் அவர் நினைவுக்கு வர வேண்டும்.