காளவாயும் அம்மோனியா உலையும்

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. இரண்டுக்கும் கணக்கு ஒன்றே: என்ட்ரோபி மாற்றத்தைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி, என்தால்பி மாற்றத்திலிருந்து கழித்தால் கட்டிலா ஆற்றல் மாற்றம் வரும். விடை எதிர்க்குறியானால் வினை தானாக நடக்க இடமுண்டு.

முதலில் 25 டிகிரி செல்சியஸில் பார்ப்போம். ஒரு மோல் சுண்ணாம்புக்கல் சிதைய 178 கிலோஜூல் வெப்பம் தேவை. திண்மத்திலிருந்து வாயு பிறப்பதால் என்ட்ரோபி கெல்வினுக்கு 160 ஜூல் கூடுகிறது. 298-ஆல் பெருக்கினால் 47,680 ஜூல், அதாவது 47.7 கிலோஜூல். (ஜூலைக் கிலோஜூலாக மாற்றும் இந்தப் படியில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். அலகை எழுதிக்கொண்டே கணக்குப் போடுங்கள்.) விடை ஏறத்தாழ +130 கிலோஜூல். கல் கல்லாகவே கிடக்கும்.

அம்மோனியாவில் குறிகள் தலைகீழ். இரண்டு மோல் உருவாகும்போது 92 கிலோஜூல் வெளிப்படுகிறது. நான்கு மோல் வாயு இரண்டாகச் சுருங்குவதால் என்ட்ரோபி கெல்வினுக்கு 199 ஜூல் குறைகிறது. விடை −33 கிலோஜூல். தாளில் இது நடந்தாக வேண்டிய வினை; ஆனால் அறை வெப்பநிலையில் நடப்பதில்லை. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் கட்டிலா ஆற்றல் சொல்லாது.

சூடு ஏற ஏற கல்லின் சிதைவுக்குச் சாதகம், அம்மோனியாவுக்குப் பாதகம். என்தால்பி மாற்றத்தை என்ட்ரோபி மாற்றத்தால் வகுத்தால் குறி மாறும் இடம் தெரியும்: கல்லுக்குச் சுமார் 840 டிகிரி, அம்மோனியாவுக்கு 190. கல்லுக்கு அளந்து கண்ட மதிப்பு 900-ஐ ஒட்டியது. என்தால்பி, என்ட்ரோபி மாற்றங்கள் இரண்டும் வெப்பநிலையோடு சற்றே மாறுவதால் இந்த வேறுபாடு.

இரும்பு வினையூக்கி வேலை செய்ய 400 டிகிரிக்கு மேல் வேண்டும். 450-இல் அம்மோனியாவின் விடை +52 கிலோஜூல். பிறகு எப்படி 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் அம்மோனியா ஆலை ஓடியது? இந்த எண்கள் ஒவ்வொரு வாயுவும் 1 பார் அழுத்தத்தில் இருக்கும் நிலைக்கானவை. அம்மோனியாத் தயாரிப்பு முறையை உருவாக்கிய ஹேபரும் போஷும் வாயுக்களைச் சுமார் 200 மடங்கு அழுத்தினார்கள், உருவான அம்மோனியாவைப் பிரித்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாயிலும் அப்படித்தான்: மேலெழும் காற்றோட்டம் கார்பன் டை ஆக்சைடை அடித்துச் செல்வதால், 900-ஐ எட்டுமுன்பே கல் சிதையத் தொடங்குகிறது. எதிரெதிர்க் குறிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டிலும் வாயு அழுத்தம் விடையை மாற்றுகிறது என்ற இந்த ஒற்றுமைதான்.

ஆகவே, வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, 25 டிகிரி விடையோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். வாயு அழுத்தத்தையும் சேர்த்து இன்னொரு முறை கணக்கிடச் சொல்லுங்கள்.