உல்லாசப் பயணத்துறையும் உள்நாட்டு அமைதியும்

இலங்கையில் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்ட 1966ஆம் ஆண்டில் இங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர் மாத்திரமே. 1982இல் அத்தொகை 4 இலட்சத்து 7 ஆயிரத்து 230 ஆக உயர்ந்தது. தென்பகுதியில் மட்டுமன்றி, கிழக்கே பாசிக்குடா, நிலாவெளிக் கரைகளிலும் விடுதிகள் எழுந்தன.

1983 யூலை இனவன்செயல் அந்த வளர்ச்சியை முறித்தது. போர் முடிவுற்ற 2009இல் வந்தோர் 4 இலட்சத்து 47 ஆயிரத்து 890 பேர். இருபத்தேழு ஆண்டுகளின் பின்னரும் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நாடு நின்றது.

2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்; வருமானம் சுமார் 438 கோடி டொலர். வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்துக்கும் ஆடை ஏற்றுமதிக்கும் அடுத்தபடியாக அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்த துறை இதுவாகும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், தொடர்ந்து வந்த கொரோனாவும் அதனை வீழ்த்தின. 2021இல் வந்தோர் 2 இலட்சம் பேர்கூட இல்லை. அந்த வருமான இழப்பு 2022 பொருளாதார நெருக்கடியின் காரணங்களுள் ஒன்றாயிற்று. 2024இல் பயணிகள் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது.

இப்புள்ளிவிபரங்களை வரிசைப்படுத்திப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுவே: இனப்பிரச்சினைக்கான அரசியல் தீர்வைத் தமிழருக்கு வழங்கும் சலுகையாகக் கருதுவோர், விடுதிப் பணியாளரதும் மீனவரதும் முச்சக்கரவண்டிச் சாரதியினதும் பிழைப்பு அதில் தங்கியிருப்பதை உணர வேண்டும்.