ஒண்டுக்குடித்தன வீடும் குடியிருப்போர் கைவேலையும்

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வாடகை வீடுகள் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு மூன்றாலும் ஆனவை. முன்கட்டில் வீட்டுக்காரர் இருப்பார். பின்கட்டுகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஒண்டுக்குடித்தனம் நடக்கும். கிணறும் முற்றமும் கழிவறையும் எல்லாருக்கும் பொது. பொதுவான இடத்தில் எது கெட்டாலும் வீட்டுக்காரர் காதில் போட வேண்டும். அறைக்குள் கெட்டால் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதி வைக்காத இந்த வழக்கமே நெடுங்காலம் சட்டம் போல நின்றது.

எழுதிய சட்டம் அதிகம் உதவவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதைத் தகவல் சொல்லியும் உரிய காலத்தில் பார்க்காவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. கடமை எது என்பதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு.

இந்த வீடுகளில் அதிகக் கவனம் கேட்டது மொட்டைமாடி. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வதும் கட்டைக்குத்து என்று கொத்தனார்கள் சொல்வதும் இதைத்தான். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மயிரிழை விரிசல்களைச் சுண்ணாம்பு ஓரளவு தானே மூடிக்கொள்ளும்: மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு விரிசலுக்குள் மீண்டும் படிந்து இறுகிவிடும். பெரிய விரிசலுக்குச் சுண்ணாம்புச் சாந்து வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மாடியைப் பெருக்கித் தண்ணீர் போகும் தூம்பைக் குத்திவிடுவதும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவதும் குடியிருப்போர் வேலை. வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளிய வீடுகளின் சுவர் பிளந்தே போனது.

அறைக்குள் வருடாந்தர வேலை பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதித்துப் பொரியும். அதற்கு மூடி போடாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, ஆறிய பிறகு துணியில் வடிகட்டுவார்கள். கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ கொஞ்சம் சேரும்; பழுப்பு தெரியாமலிருக்கத் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை. நுனி நசுக்கிய தென்னை மட்டைதான் பிரஷ். முதல் பூச்சு மேலிருந்து கீழாக, அது காய்ந்ததும் அடுத்த பூச்சு குறுக்காக. சுவரின் அடியில் காவிப்பட்டை. சுண்ணாம்பின் காரம் பூஞ்சையை அண்டவிடாது என்பதால் இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது.

1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் குழாய் வழியே நகரத்துக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரமும் வந்தது. இரண்டும் புதுப் பழுதுகளைக் கொண்டுவந்தன. குழாய் இணைப்பில் கசிந்தால் மரையில் சணலைச் சுற்றி வெள்ளை ஈயம் தடவி முடுக்குவது வீட்டு ஆண்கள் கற்ற வித்தை. பியூஸ் போனால் மெயினை அணைத்துவிட்டு கேரியரில் புதுக் கம்பி சுற்ற வேண்டும். தடித்த கம்பி போட்டால் பியூஸ் போகாது, ஒயரிங்தான் எரியும். பிற்காலத்தில் குழாயில் அழுத்தம் குறைய, முற்றத்தில் அடிபம்பு முளைத்தது. தோல் வாஷர் தேய்ந்து காற்று வாங்கினால் மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் தலையைக் கழற்றி, ஊறவைத்த புது வாஷரைப் பொருத்துவார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளில் தொடங்கி 1946, 1949, 1960 சட்டங்களாக வளர்ந்த வாடகைக் கட்டுப்பாடு, பழுது பார்ப்பதன் கணக்கையே மாற்றியது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் செய்யாத பழுதைக் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, பழுது பார்க்கவோ இடித்துக் கட்டவோ வேண்டும் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்குத் தந்தது. கட்டடத்தின் மதிப்பைப் பெரிதும் கெடுக்கும் செயலும் வெளியேற்றக் காரணமானது. ஆக, மாடி ஒழுகுகிறது என்று உரக்கச் சொன்னால் வீடே போகலாம். தாமே சுவரை உடைத்துச் சரிசெய்தாலும் போகலாம். வாடகை உயராத வீட்டுக்குச் செலவழிக்க உரிமையாளருக்கு மனம் இல்லை. எனவே குடியிருப்போர் கைவேலை ஓசையில்லாமல், சில்லறையாக நடந்தது: விரிசலுக்குத் தார், ஒழுகும் இடத்தில் வாளி, உதிர்ந்த பூச்சுக்கு ஒரு பூசு சிமெண்ட்.

அந்தச் சிமெண்ட்தான் கெடுதலில் பெரியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூத்து, பழைய பூச்சு பின்னாலேயே மாவாகி, ஓரிரு மழைக்குள் சிமெண்ட் பட்டை பட்டையாகக் கழன்று விழும். மாடியில் போட்டால் தேக்கு உத்திரத்தின் சுவரில் புதைந்த முனை மக்கத் தொடங்கும். வறுமையைக் காட்டிலும் இந்த அவசரப் பூச்சுகளே பல வீடுகளின் ஆயுளைக் குறைத்தன. சுண்ணாம்பு அரைக்கும் செக்கும் அதைப் பூசத் தெரிந்த கொத்தனாரும் அருகிப்போனதால் வேறு வழியும் குறைவு.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றம், ஒயரிங் ஆகியவற்றை அதன் அட்டவணை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடம் உண்டு. கையெழுத்திடுமுன் அந்தப் பத்தியைப் படித்துவிடுவது நல்லது.