பிரைமர் குழிக் கிரிம்ப் நீக்கம்

ராணுவத் தோட்டாவின் அடியில் பிரைமர் என்னும் சிறு பற்றவைப்பு மூடி ஒரு குழிக்குள் பொருத்தப்பட்டிருக்கும். தானியங்கித் துப்பாக்கியில் அது பின்னோக்கி நழுவினால் பொறி சிக்கிக்கொள்ளும். அதனால் குழியின் விளிம்புப் பித்தளையை உள்நோக்கி நசுக்கி இறுக்குகிறார்கள். இதுவே கிரிம்ப். முழு வளையமாகவோ, சில குத்துத் தடங்களாகவோ இருக்கும்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பச் சட்டம் இடம்தரும் நாடுகளில் இந்தக் கிரிம்பை முதலில் நீக்குவார்கள். பழைய பிரைமரைத் தள்ளியெடுத்த பிறகும் நசுங்கிய உதடு அப்படியே நிற்கும். புதிய பிரைமர் நேராக இறங்காமல் நசுங்கும், வெடிக்கவும் கூடும். உதட்டை ரீமர் என்னும் சீவுகருவியால் சீவியெடுக்கலாம். உருக்குத் தண்டை அழுத்தி ஒதுக்கவும் செய்யலாம். உலோகம் குறையாததால் இரண்டாவதே மேல். சீவும் கை சற்று மிஞ்சினாலும் குழி அகன்று, பிரைமர் தளர்ந்து, சுடும்போது வாயு பின்புறம் கசியும். அந்தக் கூட்டைக் கழித்துவிட வேண்டும். 

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரங்களையும் தோட்டாவாகவே கருதுகிறது; உரிமமின்றித் தயாரிப்பது குற்றம்.  ராணுவத்துக்கான துப்பாக்கித் தோட்டாக்கள் மகாராஷ்டிரத்தின் கட்கி, வரண்காவ் ஆலைகளில் உருவாகின்றன. அவற்றுக்கான உந்துமருந்துக்கு நீலகிரியின் அருவங்காடு பெயர்பெற்றது. எங்கேனும் தோட்டாவோ கூடோ கிடந்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.