ஆறு கிராம் குருவியும் கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட்டும்

இன்னைக்கு எபிசோடோட ஹீரோவுக்கு எடை சுமார் ஆறு கிராம்தான். பேரு கலிஃபோர்னியா நேட்கேட்சர். சாம்பல் நிறக் குருவி, பூனைக்குட்டி மாதிரி கத்தும்.

லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சான் டியேகோ வரைக்கும் உள்ள கடற்கரையில மழை பெய்யுறது குளிர்காலத்துலதான். கோடை முழுக்க வறட்சி. அதுக்கேத்த மாதிரி அங்கே ஒரு புதர்க்காடு இருக்கு. வெயில் ஏறினதும் பெரும்பாலான இலைகளை உதிர்த்துடும். அதுல முக்கியமான செடி நம்ம மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட உறவு. கசக்கினா வாசனை தூக்கும். குருவிக்கு அதுதான் வீடு. கடல் தெரியுற அந்தச் சரிவுகள் அமெரிக்காவிலேயே விலை அதிகமான மனைகள்ங்கிறதுதான் சிக்கல். 1990 வாக்கிலேயே காட்டின் பெரும்பகுதி வீடாகவும் சாலையாகவும் மாறியிருந்தது.

1973-ல் வந்த மத்தியச் சட்டப்படி, ஆபத்தில் இருக்கும் உயிரினம்னு ஒண்ணைப் பட்டியலில் சேர்த்தா அது வாழும் இடத்தை இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. அதனால பில்டர்கள் கடுமையா எதிர்த்தாங்க. 1993 மார்ச்ல குருவி பட்டியலுக்கு வந்தது. அடுத்த வருஷமே ஒரு நீதிபதி அதை ரத்து பண்ணினார்.

ஏன்? இதே குருவி மெக்சிகோ பக்கமும் நிறைய இருக்கு. வடக்கே இருப்பது தனித் துணையினம்னு ஒரு பறவையியலாளரின் அளவீடுகளை வெச்சு அரசு சொன்னது. ஆனா அந்த மூலத் தரவை வெளியிடலை. பில்டர்கள் பிடிச்ச பாயிண்ட் அதுதான். தரவு வெளியே வந்ததும் 1995-ல் அரசு பட்டியலை மறுபடி உறுதி செய்தது.

இதுக்கு நடுவுல ஒரு பேரம் நடந்துச்சு. கலிஃபோர்னியா 1991-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தது: ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனித்தனியா சண்டை வேண்டாம், மொத்த நிலத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுவோம். இந்த இடம் காட்டுக்கு, அந்த இடம் வீட்டுக்கு. 1996-ல் ஆரஞ்சு கவுண்டியில் சுமார் 37,000 ஏக்கர் ஒதுக்கினாங்க. 1997-ல் சான் டியேகோ திட்டத்துக்கு இலக்கு 1,72,000 ஏக்கர், 85 உயிரினங்கள்.

பதிலுக்கு நில உரிமையாளர்களுக்கு ஒரு வாக்குறுதி கிடைச்சுது. அதுக்கு 'நோ சர்ப்ரைசஸ்'னு பேரு. திட்டத்தில் எதிர்பார்க்காத பாதிப்பு பின்னாடி வந்தாலும், அவங்ககிட்ட கூடுதல் நிலமோ பணமோ கேட்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை கதையோட மையம் இதுதான். அந்தக் கோடு இல்லைன்னா மிச்சமிருந்த மலைச்சரிவுகளும் போயிருக்கும்; அதை மறுக்க மாட்டேன். ஆனா புல்டோசர் மதிக்கும் கோட்டைத் தீ மதிக்காது. ஆரஞ்சு கவுண்டி காப்பிடம் 2007-லும் எரிந்தது, 2020-லும் எரிந்தது. அடிக்கடி எரிஞ்சா புதர் திரும்ப முளைக்காம வெளிநாட்டுப் புல் பரவிடுது. அந்தப் புல்லும் சீக்கிரம் தீப்பிடிக்கும். வீடுகளை வித்தாச்சு, லாபம் கைக்குப் போயாச்சு. எதிர்பாராத செலவு மட்டும் பொதுமக்கள் தலையில்.

உங்க ஊர்ல சதுப்பு நிலத்துக்கோ ஏரிக்கோ இப்படி ஒரு எல்லைக்கோடு வரைஞ்சாங்கன்னா, எத்தனை ஏக்கர்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. நாளைக்கு நிலைமை மாறினா யார் பணம் கட்டுவாங்கன்னும் கேளுங்க.