காத்தான் மெட்டில் கந்தன் கதை

1960களின் இறுதியில் நெல்லியடி அம்பலத்தாடிகள் என்ற குழு 'கந்தன் கருணை' என்னும் கூத்தை மேடையேற்றியது. மாரியம்மன் கோவில் வெளிகளில் விடிய விடிய ஆடப்பட்டுவந்த காத்தவராயன் கூத்தின் மெட்டுகளையும் நடையையும் எடுத்து, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அதற்குள் வைத்துப் பாடிய ஆக்கம் இது. நேர்த்திக் கூத்தும் அரசியல் நாடகமும் புராணமும் அன்றைய செய்தியும் ஒரே தாளக்கட்டில் கலந்த இத்தகைய முயற்சி யாழ்ப்பாணத்துக்கு அதுவரை பழக்கமில்லாதது.

நெல்லியடி யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் வடமராட்சியின் சந்தைச் சந்தியாக வளர்ந்த இடம். கரவெட்டி, வதிரி, கன்பொல்லை முதலிய ஊர்கள் அதைச் சூழ்ந்துள்ளன. சாதி ஒடுக்குமுறை கடுமையாக இருந்த இப்பகுதியில் அதற்கு எதிரான முயற்சிகளும் முன்கூட்டியே தொடங்கின. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கென வதிரியில் சூரன் என்பவர் உருவாக்கிய பள்ளி பின்னாளில் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. 1956 ஆம் ஆண்டுத் தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தமிழ் நாடக ஆராய்ச்சியின் பெரும் பெயர்களுள் ஒன்றான கார்த்திகேசு சிவத்தம்பியும் கரவெட்டியைச் சேர்ந்தவரே. அரசியலும் கலையும் ஒரே தேநீர்க்கடை வாங்கில் பேசப்பட்ட ஊர் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த வாங்கில் எல்லோரும் அமர முடியாது என்பதே சிக்கலின் வேர்.

காத்தான் கூத்து யாழ்ப்பாணத்தில் மிகப் பரவலாக ஆடப்பட்ட கூத்து வகை. அம்மை நோய் நீங்கவும் வேண்டுதல் நிறைவேறவும் மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து இது ஆடப்பட்டது. அம்மனின் பிள்ளையான காத்தவராயன் தன் குலத்துக்கு எட்டாதவள் எனப்பட்ட ஆரியமாலையை விரும்புவதும், அதற்காகக் கழுமரம் ஏறுவதும் கதை. ஓரிரவு முழுக்க நீளும் ஆட்டத்தில் பலர் மாறி மாறிக் காத்தானாக வருவர். கழுவேறும் காட்சி விடியும் வேளையில் வரும். அதைக் காணவென்றே தூங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள்.

இசையிலும் ஆட்டத்திலும் இது வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலிருந்து வேறுபட்டது. அவற்றில் மத்தளத்தின் சொற்கட்டுக்கு ஏற்பக் கால்கள் கடுமையாக உழைக்க வேண்டும்; கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் பல மாதம் பழகாமல் களரி ஏற முடியாது. காத்தான் கூத்தில் ஆட்டம் எளிது. சிந்து மெட்டின் ஓட்டத்தோடு முன்னும் பின்னும் பெயர்ந்து செல்லும் நடையே போதும். சிந்துநடைக் கூத்து என்ற பெயர் அதனால் வந்தது. உடுக்கும் தாளமும் அதன் பழைய பக்கவாத்தியங்கள். இசை நாடக மேடைகளின் செல்வாக்கால் ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்னர் சேர்ந்தன. நடிகர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதால் ஒவ்வொரு வரியும் சபையின் காதில் இரண்டு முறை விழும். மெட்டுகள் சிலவே, அவையே மீண்டும் மீண்டும் வருவதால் ஊரில் எல்லோருக்கும் அவை மனப்பாடம். ஆகவே புதிய செய்தியை விரைவாகப் பலரிடம் கொண்டுபோக விரும்பும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. வேலைக்குப் போய்வரும் மனிதர் மாலையில் பழகி ஆடிவிடலாம். சொல் தாளத்துக்குள் அமுங்காது, தெளிவாகக் கேட்கும்.

பழைய கூத்தைப் புதிய அரங்குக்கு ஏற்றும் எண்ணம் நெல்லியடியில் தொடங்கியதன்று. அதன் ஒரு வேர் ஜப்பானில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 1955 இல் ஜப்பான் சென்று நோ, கபுகி அரங்குகளைக் கண்டார். நூற்றாண்டுகள் பழைய ஆட்டமும் பாட்டும் கதைசொல்லலும் அங்கு உயிரோடு ஒன்றுசேர்ந்து நின்றதைப் பார்த்தபின், தம் நாட்டின் நாடகம என்ற மரபு நாடக வடிவைப் புதிய கண்ணோடு நோக்கினார். சிங்கள நாடகமவோ வடமேற்குக் கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து கிளைத்தது. அந்த வடிவில் அவர் ஆக்கிய 'மனமே' 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. தமிழ்க் கூத்தின் பிள்ளை ஜப்பானிய அரங்கின் தூண்டுதலால் சிங்கள மேடையில் புத்துயிர் பெற்றது.

அதைக் கண்ட பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின் பக்கம் திரும்பினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக ஊர் ஊராகக் கூத்துப் போட்டிகளை நடத்தினார். ஓரிரவுக் கூத்தைச் சுருக்கி, ஒளியும் உடையும் செப்பமிட்டு, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றினார். அவருடைய மாணவரான சி. மௌனகுரு 1969 இல் 'சங்காரம்' மூலம் அடுத்த அடியை வைத்தார். அரசரும் அசுரரும் ஆடிய வடமோடி ஆட்டத்தில் வர்க்கமும் சாதியும் பாத்திரங்களாக வந்தன. இந்த வரிசையை நாடக நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆயினும் இவை பெரும்பாலும் படித்த சபைக்கு முன், நகர மண்டபங்களில் நிகழ்ந்தவை. கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்துச் செப்பமிட்டவர்கள் பலர். அதைப் புதிய பொருளோடு கிராமத்துக்கே திருப்பிக் கொண்டுசென்றதில் நெல்லியடிக் குழுவுக்கு உரிய இடம் இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை.

அந்தப் பொருள் வீதியிலிருந்து வந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிஸாரால் தாக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து நெல்லியடி உட்படப் பல இடங்களில் கடைப் பிரவேசங்கள் நடந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் திருவிழாவின்போது உள்ளே வழிபடச் சென்றவர்கள் வாசலில் தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது.

இந்த நிகழ்வை மையமாக வைத்து முற்போக்கு எழுத்தாளர் என்.கே. ரகுநாதன் 'கந்தன் கருணை'யை நாடகமாக எழுதினார். 'நிலவிலே பேசுவோம்' சிறுகதையில் சாதி மனத்தின் பாசாங்கை ஏற்கெனவே தோலுரித்தவர் அவர். 1967 இல் ஏ.பி. நாகராஜனின் திரைப்படம் ஒன்று இதே பெயரில் வந்து ஓடியிருந்தது. பக்திப் படத்தின் பெயரோடு வந்த நாடகம் கேட்டதோ வேறு கேள்வி. பூலோகத்தில் தன் கோவில் வாசலில் நடக்கும் அநியாயத்தை நாரதர் மூலம் அறியும் கந்தன், இறுதியில் போராடும் மக்களின் பக்கம் நிற்கிறான். இளைய பத்மநாதனை முன்னணியாகக் கொண்ட அம்பலத்தாடிகள் இந்தப் பிரதியைக் கூட்டாக உடைத்து, காத்தான் மெட்டுகளில் பாட்டுகளாக மாற்றிக் கட்டினர். எழுத்தாளரின் உரையாடல் நாடகம் அவ்வாறு கூத்தாயிற்று.

மெட்டைத் தேர்ந்தது வசதிக்காக மட்டும் நடந்தது என்று கொள்வது குறைவான மதிப்பீடாகும். காத்தான் பாட்டைக் கேட்டவுடன் குலம் மீறியதற்காகக் கழுமரம் ஏறியவனின் நினைவு சபைக்குத் தானே வரும். கோவில் வாசலில் தடுக்கப்பட்டவனின் குரல் அதே மெட்டில் எழும்போது, காத்தானின் துயரமும் அவன் துயரமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வசனத்தில் பல பக்கம் எழுதினாலும் வராத பொருள் இது. மாரியம்மன் முன்னால் நேர்த்தியாகப் பாடப்பட்ட இசை, முருகனின் வாசலில் உரிமை கேட்கும் இசையானது. கூத்தை ரசிக்க வந்தவர் அரசியலைக் கேட்டார். அரசியலுக்காக வந்தவர் கூத்தில் இலயித்தார்.

கலப்புக் கலையை ரசிப்பதன் இயல்பே இதுதான். கலக்கப்பட்ட ஒவ்வொன்றும் தன் பழைய மணத்தோடு அடையாளம் தெரிய வேண்டும். தோக்கியோவின் சை இசைக்குழு 2001 இல் 'இமாஜினரி சோனிக்ஸ்கேப்' இசைத்தொகுப்பில் பிளாக் மெட்டலின் கரகரத்த குரலுக்கும் கிற்றாருக்கும் நடுவே டிஸ்கோத் தாளத்தையும் பழைய மின் விசைப்பலகைகளின் ஒலியையும் நுழைத்தது. 2013 இல் தொடங்கிய வகாக்கி பாண்ட் என்ற ஜப்பானியக் குழு சமிசென், கொட்டோ, சகுஹாச்சி ஆகிய மரபு வாத்தியங்களை உரத்த ரொக் இசையோடு இணைத்தது. இரண்டு மரபையும் அறிந்த காதுக்கே அந்த இணைப்பின் துணிவு முழுமையாகப் புலப்படும். நெல்லியடிக் குழுவுக்கு அத்தகைய காதுகள் ஊர் நிறைய இருந்தன. காத்தானையும் தெரியும், மாவிட்டபுரத்தையும் தெரியும் என்ற சபை அது. பரிசோதனைக் கலை பொதுமக்களுக்குப் புரியாது என்ற பேச்சு இங்கே எடுபடவில்லை.

வடபகுதிக் கிராமங்களில் ஆடப்பட்ட இந்தக் கூத்து, போராட்டத்தின் பிரசார வடிவமாகவும் விளங்கியது. 1973 இல் அ. தாசீசியஸ் 'கந்தன் கருணை'யை வேறு விதமாக நெறிப்படுத்தினார். அவர் காத்தான் மெட்டோடு நிற்காமல் பல கூத்து மரபுகளின் ஆட்டங்களையும் அதில் பயன்படுத்தினார். அரங்க நுட்பத்தில் அது செறிவானது. மூல ஆக்கத்தின் ஒற்றை மெட்டு தரும் அழுத்தம் வேறு வகையானது. ஆடல் பாடல் மரபுகளைச் சமகாலப் பொருளோடு இணைக்கும் இந்த வழியில் அவரது 'பொறுத்தது போதும்' மீனவர் வாழ்வைப் பேசியது. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் இப்போக்கை அடுத்த தலைமுறை நடிகர்களிடம் சேர்த்தது. 1985 இல் வந்த 'மண் சுமந்த மேனியர்' பாட்டாலும் கூட்டுக் குரலாலும் போர்க்காலத் துயரைச் சொன்னது.

'கந்தன் கருணை'க்குப் பின்னர் இளைய பத்மநாதன் 'ஏகலைவன்' கூத்தை ஆக்கினார். கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதை, கல்வி மறுக்கப்பட்டோரின் கதையாக அதில் பாடப்பட்டது. அண்ணாவியார் என்ற மரியாதைப் பெயரோடு அழைக்கப்பட்ட அவர் போர்க்காலத்தில் தமிழகம் சென்றார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் குடியேறி அங்கும் கூத்துப் பழக்கினார்.