துயர வணிகப் புனைவுகள்

டிஸ்டோபியா என்று வாசகர்கள் பரவலாக அறிந்த கேடுலகக் கதைகளில் ஒரு கிளை துயர வணிகப் புனைவு. பசி, கடன், நோய், வலி, சாவு ஆகியவற்றை மூலப்பொருளாக வைத்து லாபம் பார்க்கும் ஓர் அமைப்பு இக்கதைகளின் நடுவில் இருக்கும். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொள்ள மனிதரை நசுக்குகிறார்கள். இந்தக் கிளைக் கதைகளில் அந்த அளவு வன்மம்கூடத் தேவைப்படுவதில்லை. கொடுங்கோலன் செய்ய வேண்டிய வேலையைக் கணக்குப்பிள்ளையே முடித்துவிடுகிறார். படிவம் இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், கையெழுத்து இருக்கும்; சில கதைகளில் முறையான வாக்கெடுப்பும் நடக்கும். பலியாகிறவர் பல நேரம் தானே விண்ணப்பித்து, வரிசையில் நின்று, இடம் பிடித்தவராக இருப்பார். ‘அவர்தானே சம்மதித்தார்’ என்ற பதிலை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வியையே இப்புனைவுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

முன்னோடிகள்

டிஸ்டோபியா என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1729இல், அயர்லாந்துக்காரரான ஜோனதன் ஸ்விஃப்ட் இவ்வகையின் விதையை ஊன்றிவிட்டார். ‘எ மாடஸ்ட் புரோபோசல்’ என்ற அவருடைய அங்கதக் கட்டுரையில், ஏழை ஐரிஷ் குடும்பங்களின் குழந்தைகளை ஒரு வயதில் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு விற்றுவிடலாம் என்று ஒரு பொருளாதார யோசனைக்காரர் பரிந்துரைக்கிறார். 1,20,000 குழந்தைகளில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கினால் மீதி 1,00,000 விற்பனைக்கு. வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு நிகர லாபம் 8 ஷில்லிங். வாசகரைப் பதறவைப்பது நரமாமிசத்தைவிட அந்தக் கூட்டல் கழித்தல்தான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்கேட்டின் வாரிசுகள்.

இன்னொரு வேர் தத்துவத்தில் இருக்கிறது. ஒரே ஒரு குழந்தையை வதைத்தால் உலகமே இன்பமாக வாழும் என்றால் அந்த ஏற்பாட்டுக்கு இசைவாயா என்று தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் தன் தம்பியைக் கேட்கிறான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1891இல் இதை ஒத்த சிக்கலை எழுப்பினார். அர்சுலா லெ குயின் 1973இல் ‘தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃபிரம் ஒமேலாஸ்’ என்ற சிறுகதையாக அதை எழுதினார். ஒமேலாஸ் நகரத்தின் செழிப்பு முழுவதும் ஒரு நிலவறையில் அடைபட்ட குழந்தையின் அவலத்தைச் சார்ந்தது. அது எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோர் மனம் நொந்து பிறகு தேறிவிடுகிறார்கள். சிலர் மட்டும் ஊரைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள். 1974இல் ஹியூகோ விருது பெற்ற கதை இது. காரின் கண்ணாடியில் ‘சேலம், ஒ’ என்ற சாலைப் பலகையைத் தலைகீழாகப் படித்ததில் பிறந்த பெயர் ஒமேலாஸ். நம் சேலம் என்று துள்ள வேண்டாம், அது ஒரிகான் மாநிலத்தின் தலைநகர்.

கடன் என்னும் கண்ணி

இவ்வகைப் புனைவில் சங்கிலிக்குப் பதிலாகப் பெரும்பாலும் கடன் வரும். ஃபிரெடரிக் போலும் சி. எம். கோர்ன்புளூத்தும் சேர்ந்து எழுதிய ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ (1953) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போல் விளம்பர எழுத்தாளராக வேலை பார்த்தவர். உள்ளே இருந்து பார்த்தவரின் குறும்பு நாவல் முழுக்கத் தெரியும். விளம்பர நிறுவனங்கள் ஆளும் உலகில் உச்சியில் இருந்த ஒருவன், அடையாளம் பறிபோய்க் கூலியாளாகக் கோஸ்டா ரிகாவின் ஆலை ஒன்றில் வந்து விழுகிறான். அங்கே விற்கும் தின்பண்டம் ஒரு தவிப்பை உண்டாக்கும். அதைத் தணிக்க ஒரு குளிர்பானம். குளிர்பானம் கிளப்பும் தவிப்புக்கு ஒரு சிகரெட். சிகரெட் மறுபடி தின்பண்டத்திடம் கொண்டுபோய் விடும். மூன்றும் கடனில் கிடைக்கும். எவ்வளவு உழைத்தாலும் கணக்கு நேராகாது.

இந்தக் கணக்கைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அது புனைவாகவே தோன்றாமல் போகலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1921 வரை சட்டப்படி நடந்த ‘துண்டு’ முறையும் இதே கணக்குத்தான். கங்காணியின் ஆட்கள் மீதுள்ள கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்படும். அதை அடைக்கிற தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவார்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இந்த மலையகத் தோட்ட வாழ்வைப் பற்றியது. அதை யாரும் கேடுலகக் கதை என்று வகைப்படுத்துவதில்லை. எதிர்காலத்தில் நடப்பதாக எழுதியிருந்தால் வகைப்படுத்தியிருப்பார்கள்.

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) சிறார் நாவல் என்பதால் விமர்சகர்கள் சற்றே அலட்சியமாகக் கடந்து போகிறார்கள். ஆனால் அதில் வரும் ‘டெசரா’ ஏற்பாடு இவ்வகைக் கதைகளில் மிகக் கூர்மையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. சாவு விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுப்பார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் குலுக்கலில் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிக்கொள்ளலாம், அது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். 16 வயது நாயகி காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது; அவளுடைய நண்பன் கேலின் பெயர் 42 சீட்டுகளில். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பார்ப்பவர்களும் பங்காளிகள்

பிறர் படும் பாட்டை வேடிக்கையாக விற்கும் கதைகள் தொலைக்காட்சியோடு வளர்ந்தன. ராபர்ட் ஷெக்லியின் ‘தி பிரைஸ் ஆஃப் பெரில்’ (1958) சிறுகதையில், கொலையாளிகளிடமிருந்து ஒரு வாரம் தப்பிப் பிழைப்பவனுக்குப் பரிசு. மேற்கு ஜெர்மனியில் 1970இல் இதைத் தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பியபோது பலர் நிஜ நிகழ்ச்சி என்று நம்பினார்கள். போட்டியாளராகச் சேர விருப்பம் தெரிவித்தவர்களும் உண்டு. கதையின் கருத்தை நேயர்களே நிரூபித்துக் கொடுத்த விசித்திரம் அது. ஸ்டீவன் கிங் வேறு பெயரில் எழுதிய ‘தி ரன்னிங் மேன்’ (1982), ஜப்பானின் கோஷுன் தகாமி எழுதிய ‘பேட்டில் ராயல்’ (1999) ஆகியவை இந்த வழியில் வந்தவை.

‘பிளாக் மிரர்’ தொடரின் ‘ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்’ (2011) ஒரு படி மேலே போகிறது. நாள் முழுதும் சைக்கிள் மிதித்துப் புள்ளிகள் சேர்க்கும் ஒருவன், மேடையேறி, கண்ணாடித் துண்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு அந்த அமைப்பையே வசைபாடுகிறான். நடுவர்கள் பாராட்டி, வாரந்தோறும் இதேபோல் கோபப்படுவதற்கு அவனுக்கு ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தென்கொரியாவின் ஹ்வாங் டோங்-ஹ்யூக் எழுதி இயக்கிய ‘ஸ்க்விட் கேம்’ (2021) உலகறிந்தது. சிறுவர் விளையாட்டுகளில் மோதும் 456 கடனாளிகள், தோற்றால் சாவு, 4,560 கோடி வொன் பரிசு, தலைக்கு 10 கோடி வொன் மதிப்பு. அந்த விளையாட்டுகளைவிட முக்கியமானது இரண்டாம் பகுதியில் வரும் வாக்கெடுப்பு. உயிர் பிழைத்த 201 பேரில் 101 பேர் போட்டியை நிறுத்த வாக்களிக்கிறார்கள். எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். வெளியே வட்டிக்காரனும் மருத்துவச் செலவும் அப்படியே காத்திருக்க, 187 பேர் தாமாகவே திரும்பி வருகிறார்கள். தொடரைத் திட்டமிட்ட காலத்தில் இயக்குநரே கடனில் இருந்தார், மடிக்கணினியை விற்க நேர்ந்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை: 2023இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 456 நிஜப் போட்டியாளர்களைத் திரட்டி, 45.6 லட்சம் டாலர் பரிசோடு ‘ஸ்க்விட் கேம்: தி சேலஞ்ச்’ என்ற போட்டி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. யாரும் சாகவில்லை என்பதைத் தவிர, கண்ணாடித் துண்டு வைத்திருந்தவனுக்கு நேர்ந்ததே இத்தொடருக்கும் நேர்ந்தது.

நோயும் சந்தாவும்

மார்கரெட் அட்வுட்டின் ‘ஓரிக்ஸ் அண்ட் கிரேக்’ (2003) நாவலில் மருந்து நிறுவனம் புதிய நோய்களைத் தானே உருவாக்கி, சத்து மாத்திரைகளில் கலந்து பரப்பி, பிறகு சிகிச்சையை விற்கிறது. வணிகக் கோணத்தில் சிறந்த நோய் எது என்பதற்கும் நாவலில் இலக்கணம் உண்டு: நோயாளியின் பணம் தீரும் வரை இழுக்க வேண்டும். ‘பிளாக் மிரர்’ தொடரின் 2025ஆம் ஆண்டுப் பகுதியான ‘காமன் பீப்பிள்’, இதை மாதச் சந்தாவாக மாற்றுகிறது. ஆசிரியை ஒருத்தியின் மூளை ஒரு நிறுவனத்தின் சேவையால் இயங்குகிறது; விலை கூடிய திட்டத்துக்கு மாற வசதியில்லாததால், பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வாயிலிருந்து விளம்பரம் வருகிறது. கைபேசியில் விளம்பரம் பார்த்தே பாட்டுக் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே தொடங்கி, சிரிப்பை நிறுத்திவிடும் கதை.

உறுப்புச் சந்தை

இவ்வகையின் செறிவான பகுதி உறுப்புகளைப் பற்றியது. லாரி நிவனின் ‘தி ஜிக்சா மேன்’ சிறுகதை, கேப்டவுனில் முதல் இதய மாற்று அறுவை நடந்த அதே 1967இல் வெளிவந்தது. மரண தண்டனை பெற்றவர்களின் உடல்கள் உறுப்பு வங்கிக்குப் போகும் உலகம் அது. எல்லோருக்கும் நீண்ட ஆயுள் வேண்டும், அதற்கு உறுப்புகள் வேண்டும், அதற்குக் குற்றவாளிகள் வேண்டும். எனவே வாக்காளர்களே மரண தண்டனையைச் சின்னக் குற்றங்களுக்கும் நீட்டிக்கொண்டே போகிறார்கள். கதாநாயகனின் குற்றம் என்ன என்பது கடைசியில்தான் தெரியும்: சிவப்பு விளக்கைத் தாண்டியது, வேகமாக வண்டி ஓட்டியது.

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ (2005) நாவலில் சந்தையே கண்ணில் படாது. ஹெயில்ஷம் என்ற அழகிய இங்கிலாந்துப் பள்ளியில் வளரும் பிள்ளைகள், உறுப்புக்காக உருவாக்கப்பட்ட நகல்கள். அறுவைக்கு ‘தானம்’ என்று பெயர், சாவுக்கு ‘நிறைவு’. யாரும் தப்பி ஓட முயல்வதில்லை என்பதை ஒரு குறையாகச் சொன்னவர்கள் உண்டு. பள்ளியும் அந்த மென்மையான சொற்களும் சேர்ந்து ஓடும் எண்ணத்தையே பறித்துவிட்டன என்பதுதான் நாவலின் திகில். அர்ஜென்டினாவின் அகுஸ்தினா பஸ்தெரிக்கா, மனித இறைச்சித் தொழிலைப் பற்றிய தம் 2017ஆம் ஆண்டு நாவலில் இதையே முரட்டுத்தனமாகச் செய்கிறார்: அங்கே ‘மனிதர்’ என்ற சொல்லை அந்த இறைச்சிக்குப் பயன்படுத்துவதே தடைசெய்யப்பட்டிருக்கும்.

இந்தியாவிலிருந்து இவ்வகைக்குச் சேர்ந்த முதன்மையான படைப்பு மஞ்சுளா பத்மநாபனின் ஆங்கில நாடகம் ‘ஹார்வெஸ்ட்’. கிரேக்கத்தின் ஒனாசிஸ் அறக்கட்டளை நடத்திய சர்வதேச நாடகப் போட்டியில் 1997இல் முதல் பரிசு பெற்றது. கோவிந்த் நிஹலானி இதை ‘தேஹம்’ என்ற பெயரில் 2001இல் படமாக்கினார். கதை 2010ஆம் ஆண்டின் மும்பையில், ஓர் அறை வீட்டில் நடக்கிறது. வேலை இழந்த ஓம், இன்டர்பிளாண்டா சர்வீசஸ் என்ற நிறுவனத்துக்குத் தன் உடலை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறான். எந்த உறுப்பு, எப்போது என்பது தெரியாது. மணமாகாதவர்களுக்கே வாய்ப்பு என்பதால் மனைவி ஜெயா அவனுடைய தங்கையாகக் காட்டப்படுகிறாள். வீட்டுக்குள் புதுச் சமையலறை வருகிறது, கழிப்பறை வருகிறது, உணவுக்குப் பதில் வில்லைகள் வருகின்றன. கூரையில் தொங்கும் உருண்டையில், உறுப்பைப் பெறவிருக்கும் ஜின்னி என்ற அமெரிக்கப் பெண் தோன்றி, அவர்கள் குளித்தார்களா, சிரித்தார்களா என்று விசாரிக்கிறாள். மாமியார் தொலைக்காட்சி இருக்கைக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறார். நிறுவனத்தின் காவலர்கள் ஓமுக்குப் பதில் தம்பி ஜீத்துவைத் தவறுதலாகப் பிடித்துப்போய் அவன் கண்களை எடுத்துவிடுகிறார்கள்.

நாடகம் எழுந்த பின்னணி கற்பனையில்லை. சென்னை வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரகம் விற்றவர்களால் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1994இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடைசெய்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் சென்னையில் நடத்தி, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வு, 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னது. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனிலேயே இருந்தார்கள். விற்கும்படி பிறருக்குச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 79 சதவீதம். போலும் கோர்ன்புளூத்தும் எழுதிய ஆலைக் கணக்கு, எண் மாறாமல் ஒரு நகரத்தின் தெருக்களில் நடந்திருக்கிறது.

முடிவுகள்

இக்கதைகளின் முடிவு எப்போதும் சிக்கலானது. அமைப்பை உடைத்துவிட்டால் சாகசக் கதையாகிவிடும்; உடைக்காவிட்டால் வாசகர் சோர்ந்துவிடுவார். லெ குயினின் பாத்திரங்கள் நடந்து போய்விடுகின்றன. அது போதாது என்று கருதிய என். கே. ஜெமிசின், இருந்து போராடுபவர்களைப் பற்றி 2018இல் ஒரு பதில் கதை எழுதினார். ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ (2001) என்ற குழந்தைகள் படம், அலறலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையைச் சிரிப்பிலிருந்து எடுக்கும் ஆலையாக மாற்றிச் சுபம் போடுகிறது. ஆலை மூடப்படவில்லை என்பதைப் பெரியவர்கள் கவனிக்கலாம்.

‘ஹார்வெஸ்ட்’ வேறு வழி பிடிக்கிறது. ஓமும், கண்ணிழந்து திரும்பிய ஜீத்துவும் விரும்பியே போன பிறகு ஜெயா மட்டும் எஞ்சுகிறாள். ஜின்னி வெறும் பொம்மை என்றும், அதன் பின்னால் இருந்தவர் விர்ஜில் என்ற முதியவர் என்றும் தெரிகிறது. ஜீத்துவின் உடலை அணிந்துகொண்டு திரையில் வரும் அவருக்கு இப்போது அவளிடமிருந்து ஒரு குழந்தை வேண்டும். அதுவும் தொலைவிலிருந்தே, ஒரு கருவி மூலம். ஜெயா கதவைப் பூட்டிக்கொள்கிறாள். கட்டாயப்படுத்தினால் செத்துப்போவதாகச் சொல்கிறாள். வேண்டுமானால் அவரே தன் சொந்த உடலோடு, இந்த ஊரின் நோய்க்கும் ஆபத்துக்கும் துணிந்து நேரில் வரட்டும். இத்தனை நேரம் அவர் அவளை ‘ழாயா’ என்றே அழைத்துக்கொண்டிருந்தார். வருவதற்குள் தன் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளும்படி, ‘ஜ’ என்ற ஒலியை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.